எந்த மலைக் காப்பி?

ஒரு பண்டத்தைச் சொல்லும்போது அது பிறந்த ஊரையும் கூட்டியே சொல்லுவது தமிழ்நாட்டுக் கடைவீதிகளில் நெடுங்காலமாக வேரூன்றிவிட்ட வழக்கம். மதுரை மல்லிகை என்றும், மணப்பாறை முறுக்கு என்றும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்றும், விருப்பாச்சி வாழைப்பழம் என்றும் நாம் பிரித்துக் கேட்டு வாங்குகிறோம். கடைக்காரர் வேறோர் ஊர்ச் சரக்கை எடுத்துக் காட்டினால், அது எவ்வளவு நேர்த்தியாக இருந்தபோதிலும், மனம் ஒப்பாமல் அடுத்த கடைக்கு நடையைக் கட்டிவிடுகிறோம். இந்த விஷயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் ராஜபாளையத்துக்காரர்களும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்லர். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. ராஜபாளையமோ தன் பெயரை ஒரு நாய் ஜாதிக்கே கொடுத்து நாடறியச் செய்தது. வத்திராயிருப்புக்கு மேற்கே, பெரியாறு என்றும் கோவிலாறு என்றும் இரண்டு அணைகளாக மலையடிவாரத்தில் அமைந்த பிளவக்கல்லின் தண்ணீரால் விளையும் நெல்லை வாங்கும்போதுகூட, எந்தக் கண்மாய்ப் பாசனத்து நெல் என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுகிற மனிதர்கள் இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

இப்படி அரிசிக்கும் பூவுக்கும் பழத்துக்கும் ஊர் கேட்கிற நாம், பொழுது விடிந்ததும் முதன்முதலாக நாவில் படுகிற பதார்த்தமாகிய காப்பிக்கு மாத்திரம் ஊர் கேட்பதில்லை. கடையில் போய் நின்றால், ‘பீபெரி இருக்கிறதா?’ என்கிறோம், ‘சிக்கரி எவ்வளவு போடட்டும்?’ என்று கடைக்காரர் கேட்டால், ‘எண்பதுக்கு இருபது’ என்று பதில் சொல்லுகிறோம். அரைவை நைசாக இருக்கவேண்டுமா, சற்றுக் கரகரப்பாக இருக்கவேண்டுமா என்பதையும் மறவாமல் சொல்லிவிடுகிறோம். அந்தக் கொட்டை சேர்வராயன் மலையில் விளைந்ததா, குடகில் விளைந்ததா, அல்லது நமக்கு அணித்தேயுள்ள பழனி மலைச்சரிவில் விளைந்ததா என்பதை நாமும் கேட்பதில்லை, கடைக்காரரும் சொல்லுவதில்லை. அண்மைக்காலத்தில் சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் சில வியாபாரிகள் இன்ன மலை, இன்ன தோட்டம், இன்ன தேதியில் வறுத்தது என்று பொதியின் மேலேயே அச்சிட்டுக் கொட்டையாக விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். தபாலிலும் கூரியரிலும் அந்தப் பொதிகள் ராஜபாளையத்து வீட்டுவாசலுக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றன. இதை ஏதோ சீமையிலிருந்து வந்த நவநாகரிகம் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிப் போகிறார்கள். என்னுடைய அபிப்பிராயம் வேறு. ஊர் கேட்டு வாங்குவது நம்முடைய சொந்தப் பழக்கம். காப்பியின் விஷயத்தில் அது நம்மிடமிருந்து எப்படி நழுவிப்போயிற்று என்பதே நாம் ஆராய வேண்டிய சங்கதி.

மலைகள் பெயரிழந்த கதை

காப்பி இந்த நாட்டுக்கு வந்த வரலாறே ஒரு மலையின் பெயரோடு தொடங்குவதுதான். பதினேழாம் நூற்றாண்டில் மக்கா யாத்திரை சென்று திரும்பிய பாபா பூடன் என்னும் ஸூஃபி ஞானி, ஏமன் தேசத்து மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்கமகளூருக்கு அருகிலுள்ள சந்திரகிரியில் விதைத்தார் என்பது செவிவழியாக வந்த வரலாறு. அந்தத் தொடர் இன்றும் அவர் பெயராலேயே பாபா பூடன் மலை என்று வழங்குகிறது. 1820-களில் சேலம் ஜில்லாவின் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வளர்த்தார். பிறகு நீலகிரி, வயநாடு, ஆனைமலை, பழனி மலை என்று தோட்டங்கள் பரவின. இதே காலத்தில் இலங்கையின் மலைச்சரிவுகளிலும் காடுகள் அழிந்து காப்பித் தோட்டங்கள் எழுந்தன; இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து ஏழைக் குடியானவர்கள் கடல் கடந்து, பின் காடு கடந்து, கால்நடையாக அந்தத் தோட்டங்களுக்குப் போய்ப் பழம் பறித்தார்கள். 1869-ல் அங்கே தலைகாட்டிய இலைத்துரு என்னும் பூஞ்சை நோய் சில வருஷங்களுக்குள் இலங்கைக் காப்பியை அநேகமாக நிர்மூலமாக்கிவிட, அந்த மண்ணில் தேயிலை குடியேறிற்று. நம்முடைய சனங்கள் காப்பியைக் குடிக்கப் பழகியதற்கு முன்பே அதைப் பறிக்கப் பழகியவர்கள் என்பது சரித்திரத்தில் மறைக்க முடியாத உண்மை.

மலைகளின் பெயர்கள் சந்தையிலிருந்து மறைந்ததற்கு முக்கியமான காரணம் ஒரு சட்டம். இரண்டாம் உலக யுத்தம் மூண்டு, ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகிற வழி அடைபட்டு, தோட்டக்காரர்கள் கொட்டையை வைத்துக்கொண்டு திகைத்து நின்ற வேளையில், சர்க்கார் 1940-ல் ஓர் அவசரச் சட்டத்தையும், 1942-ல் காப்பிச் சட்டத்தையும் பிறப்பித்தது. அதன்படி விளைச்சல் முழுவதும், வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் வைத்துக்கொள்ளும் சிறு பகுதி நீங்கலாக, காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்ந்துவிட வேண்டும். போர்டே அதை ஏலத்தில் விற்று, வந்த பணத்தைத் தரத்துக்கேற்பக் கணக்கிட்டுத் தவணை தவணையாக விவசாயிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். யுத்த காலத்தில் இந்த ஏற்பாடு தோட்டக்காரர்களைத் திவாலிலிருந்து காப்பாற்றியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் தம் மலைச்சரிவில் பழுத்த பழத்தை மாத்திரமே பறித்துப் பக்குவமாக உலர்த்திக் கொண்டுவந்தாலும், இன்னொருவர் காயும் பழமுமாக உருவிக் கொண்டுவந்தாலும், இரண்டும் அந்தப் பெருந்தொகுப்பில் கலந்து ஒன்றாயின. தோட்டத்தின் பெயரும் மலையின் பெயரும் அங்கேயே கரைந்தன. இந்த ஏற்பாடு 1990-களின் தொடக்கத்தில் சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1996-ல் முற்றிலும் நீங்கியது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அதாவது தமிழ்நாட்டு வீடுகளில் காப்பி ஒரு நித்திய கர்மமாக நிலைபெற்ற அதே காலத்தில், கொட்டைக்கு ஊர்ப் பெயர் இல்லாமலே போய்விட்டது. இரண்டு தலைமுறை கேட்காமலிருந்த கேள்வியை மூன்றாவது தலைமுறை எப்படிக் கேட்கும்?

ஊர்ப் பெயர் போன இடத்தில் வந்து அமர்ந்தவை தரப் பெயர்கள். பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா ஜாதிக் கொட்டை ‘பிளான்டேஷன்’. பழமாகவே வெயிலில் உலர்த்தி உடைத்தது ‘செர்ரி’. ராபஸ்டா ஜாதியைக் கழுவி உலர்த்தினால் ‘பார்ச்மென்ட்’. இவற்றிலும் ஏ, பி, சி என்ற பிரிவினை கொட்டையின் பருமனைப் பொறுத்தது. பிளான்டேஷன் ஏ என்றால் 6.65 மில்லிமீட்டர் துளையுள்ள சல்லடையில் விழாமல் தங்குகிற கொட்டை என்று பொருள். பீபெரி என்பதும் ஒரு ஜாதியல்ல, ஓர் ஊரின் சரக்குமல்ல. வழக்கமாக இரண்டு பருப்பு இருக்க வேண்டிய பழத்துக்குள் ஒன்றே ஒன்று உருண்டையாக வளர்ந்துவிட்டால் அதற்குப் பீபெரி என்று பெயர். எந்தத் தோட்டத்திலும் நூற்றுக்குச் சில கொட்டைகள் இப்படி அமையும். ஆகவே கடையில் நாம் அதிகாரத்தோடு கேட்கிற பெயர்கள் எல்லாம் கொட்டையின் உருவத்தையும் பருமனையும் சொல்லுகின்றனவேயன்றி, அதன் மண்ணையும் மழையையும் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

வத்தலக்குண்டுக்கு மேலே

பிளவக்கல் அணைக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடர், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பெருங்காட்டைத் தாங்கி நிற்பது. அதன் வடமேற்கே வருஷநாட்டு மலை. அதற்கும் வடக்கே, கம்பம் பள்ளத்தாக்கையும் தேனிச் சமவெளியையும் தாண்டினால், மேற்குத் தொடர்ச்சியிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு கிளையாக நீண்டு வருவது பழனி மலை. கொடைக்கானல் இருக்கிற உச்சிப் பகுதியைத்தான் உல்லாசப் பிரயாணிகள் அறிவார்கள். காப்பி விளைவதோ அதற்குக் கீழேயுள்ள தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர், தடியன்குடிசை முதலிய கீழ்மலைக் கிராமங்களில். ராஜபாளையத்திலிருந்து மதுரை வழியாக வத்தலக்குண்டை அடைந்து, அங்கிருந்து பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம் வழியாக மலையேறினால் ஒரு பகல் பொழுதுக்குள் அந்தச் செடிகளின் நடுவே போய் நின்றுவிடலாம்.

சுப்பிரமணிய சிவாவையும், ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜமையரையும், ‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி. சு. செல்லப்பாவையும் தந்த ஊர் என்று வத்தலக்குண்டை இலக்கிய அபிமானிகள் அறிவார்கள்; அதை அடுத்த பட்டிவீரன்பட்டியோ காப்பி வியாபாரிகளின் ஊர். மலையிலிருந்து இறங்குகிற கொட்டையை வாங்கி, மேல்தோடு உடைத்து, தரம் பிரித்து, வெளியூர்களுக்கு அனுப்புகிற கிடங்குகள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்துவருகின்றன. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் இந்த ஊர்க்காரர். காப்பித் தோட்டக் குடும்பத்தில் வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அந்நாளில் அடங்கியிருந்த இராமநாதபுரம் ஜில்லா போர்டுக்கு அவர் தலைவராக இருந்து பணியாற்றினார் என்பதால், இந்த இரண்டு ஊர்களுக்கும் பட்டிவீரன்பட்டி முற்றிலும் அந்நியமானதன்று.

கீழ்மலைத் தோட்டத்தின் விசேஷம் அது காடாகவே இருப்பது. வெட்டவெளியில் வரிசை பிடித்து நட்ட செடிகள் அங்கே குறைவு. பலா மரமும் சில்வர் ஓக்கும் மேலே குடைபிடிக்க, அவற்றின் அடிமரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, இடையிடையே மலைவாழையும் ஆரஞ்சும் ஏலமும் எலுமிச்சையும் நிற்க, அந்த நிழலிலேதான் காப்பி தன் காலத்தை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பழுக்கிறது. விருப்பாச்சி மலைவாழைக்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் கிடைத்தது. அதே 2019-ல் குடகு, சிக்கமகளூர், பாபா பூடன் மலை, வயநாடு, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகிய ஐந்து பிரதேசங்களின் காப்பிக்கும் குறியீடு வழங்கப்பட்டது. அந்த ஐந்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. ஒரே மண்ணில், ஒரே நிழலில் நிற்கிற வாழைக்கு இருக்கிற கௌரவம் காப்பிக்கு இல்லாமற் போனதற்கு, அதன் பெயரைச் சொல்லி யாரும் கேட்காததைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

சித்திரைக்கு முன்னும் பின்னும் பெய்கிற கோடைமழை ஒன்றில் செடி முழுவதும் வெள்ளைப் பூவாகப் பூத்து, இரண்டு மூன்று நாளில் உதிர்ந்து, பிறகு எட்டு ஒன்பது மாதங்கள் காயாக இருந்து, ஐப்பசி கார்த்திகை முதல் சிவக்கத் தொடங்குகிறது பழம். எல்லாம் ஒருசேரப் பழுப்பதில்லை; ஆகையால் சிவந்ததை மாத்திரம் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும்; அதற்காக ஒரே செடிக்குப் பல தடவை போக வேண்டும். பறித்த அன்றே பல்ப்பர் என்னும் இயந்திரத்தில் இட்டுத் தோலை நீக்கி, வழவழப்பான சதை பிரிவதற்காகத் தொட்டியில் ஒரு நாள், ஒன்றரை நாள் புளிக்கவைத்து, கழுவி, களத்தில் பல நாள் திருப்பித் திருப்பி உலர்த்த வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். மிதமிஞ்சிக் காய்ந்தால் உடையும். பிறகு கிடங்கில் தோடு நீக்கிப் பருமன் பிரித்தபின், கறுத்ததும் ஒடிந்ததும் பூச்சி துளைத்ததுமான கொட்டைகளைப் பெண்கள் வரிசையாக அமர்ந்து கையால் பொறுக்கி எறிகிறார்கள். அராபிகாவின் தண்டைத் துளைக்கிற வண்டோ, காய்த்து நிற்கிற செடியை அடியோடு சாய்த்துவிடுகிறது; அதற்குப் பூரணமான பரிகாரம் இன்றுவரை அகப்படவில்லை. தாண்டிக்குடியில் காப்பி போர்டின் பிரதேச ஆராய்ச்சி நிலையமும், தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருப்பது இப்படிப்பட்ட சங்கடங்களை உத்தேசித்துத்தான். இவ்வளவு பிரயத்தனமும் ‘காப்பித்தூள்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் அடங்கிவிடுகிறது.

மலைக்கு மலை ருசி

இந்தியாவில் விளைகிற காப்பியில் ஏறக்குறைய 70 சதவீதம் கர்நாடகத்தைச் சேர்ந்தது. அதற்கு அடுத்தது கேரளம். தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டியது. விளைச்சலில் பெரும்பகுதி ராபஸ்டா. அது தாழ்ந்த உயரத்திலும் வெப்பத்திலும் தாக்குப்பிடிப்பது, அராபிகாவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காபீன் கொண்டது, கசப்பும் கனமும் உடையது. தமிழ்நாட்டு மலைகளிலோ அராபிகாவே முதன்மை பெற்றிருக்கிறது. அதிலும் 1925-ல் தொடங்கிய பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940-களில் வெளிவந்த எஸ். 795 என்னும் ரகம் பல மலைகளிலும் பரவி நிற்பது. ஒரே ரகம் பல மலைகளில் நிற்பதால், செடியின் குணம் எது, மண்ணின் குணம் எது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி நமக்குத் தானாகவே அமைந்திருக்கிறது.

பழனி மலையும் சேர்வராயனும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. வருஷத்துக்கு ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு மில்லிமீட்டர் மழையோடு திருப்தியடைபவை. வால்பாறையைச் சூழ்ந்த ஆனைமலையிலோ தென்மேற்குப் பருவக்காற்று அதைப்போல் இரண்டு பங்கு கொட்டித் தீர்க்கிறது. பாபா பூடன் மலைக் கொட்டையில் கனமும் மிதமான புளிப்பும் கொக்கோவை நினைவூட்டும் பின்சுவையும் பேசப்படுகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஆதிவாசிக் குடும்பங்கள் விளைவிக்கிற அரக்குக் காப்பியில் எலுமிச்சை ஜாதிப் பழங்களின் புளிப்பு மேலோங்கும். 2017-ல் பாரிஸ் நகரத்திலேயே அதற்கென ஒரு கடை திறக்கும் அளவுக்கு அதன் கீர்த்தி பரவியது. வயநாட்டு ராபஸ்டா அடர்த்தியான டிகாக்ஷனுக்குப் பேர்போனது. மலபார்க் கரையில் மழைக்காலத்து ஈரக்காற்றில் வாரக்கணக்காகப் பரப்பிவைத்து ஊதவைக்கிற ‘மான்சூன்’ கொட்டையோ புளிப்பை அறவே இழந்து மண்வாசனை பெறுகிறது. பாய்க்கப்பலில் ஐரோப்பாவுக்குப் போன காலத்தில் கடற்காற்றுப் பட்டுத் தானாக நேர்ந்த மாறுதலை, நீராவிக் கப்பல் வந்தபிறகு செயற்கையாக உண்டாக்கக் கற்றுக்கொண்டார்கள். பழனி மலைக் கொட்டையை அளவோடு வறுத்துப் பால் கலவாமல் பருகிப் பார்த்தால், மென்மையான புளிப்போடு ஏலமோ மிளகோ என்று ஐயுறத்தக்க லேசான மசாலா வாடை ஒன்று எட்டிப்பார்க்கும். எத்தியோப்பியாவின் யிர்கச்செஃபேயில் மல்லிகை மணமும், கென்யாவின் கொட்டையில் கூர்மையான புளிப்பும் உண்டென்று ரசிகர்கள் சொல்லுவது மெய்தான். கடுமையான இறக்குமதி வரியைக் கொடுத்து அவற்றை வரவழைப்பதற்கு முன், சொந்த நாட்டு மலைகளின் வேற்றுமையை ஒருமுறை அறிந்துகொள்வது விவேகம்.

வறுத்த தேதி

ஊர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தேதி. பச்சைக் கொட்டை உலர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். அதில் வாசனையும் பெரிதாக இராது. உருளையில் இட்டுச் சூடேற்ற ஏற்ற அது பச்சை நீங்கி மஞ்சளாகி, மஞ்சள் நீங்கிப் பழுப்பாகி, ஏறக்குறைய 200 டிகிரிச் சூட்டில் சோளம் பொரிவதுபோலப் படபடவென்று வெடிக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பின் கழிகிற ஒவ்வொரு நிமிஷமும் ருசியை மாற்றக்கூடியது. சீக்கிரம் இறக்கினால் மலையின் குணம் தெரியும், புளிப்பும் தூக்கலாக இருக்கும்; மிகவும் கறுக்கவிட்டால் எந்த மலைக் கொட்டையும் கரியின் கசப்பில் ஒன்றாகிவிடும். வறுபட்ட கொட்டை எடையில் ஏழில் ஒரு பங்கு வரையிலும் அதற்கு மேலும் இழந்து, உள்ளே கரியமிலவாயுவை நிரப்பிக்கொண்டு, சில நாட்களுக்கு அதைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. வறுத்த இரண்டு மூன்று நாட்களுக்குப் பின் தொடங்கி ஒரு மாதத்துக்குள் குடித்து முடித்துவிடுவது உத்தமம். அரைத்துவிட்டாலோ கணக்கே வேறு. காற்று படும் பரப்பு பன்மடங்காகிவிடுவதால், வாசனையின் பெரும்பகுதி சில நாட்களிலேயே போய்விடும்.

இங்கே நம்முடைய பழைய காப்பிக்கடைகளுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சேர்த்துவிட வேண்டும். அன்றன்று வறுத்து, கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறாத தூளைக் காகிதப் பையில் கட்டிக் கொடுத்த கடைகள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் எல்லாம் இருந்தன. பல ஊர்களில் இன்னும் இருக்கின்றன. நகரத்துப் புதிய வியாபாரி புதுமை என்று விளம்பரம் செய்கிற ‘புத்தம் புது வறுவல்’ என்ற தத்துவத்தை, அந்த வீதி முழுவதற்கும் மணத்தாலேயே பறையறைந்து அறிவித்தவர்கள் அவர்கள். தேதியை அவர்கள் அச்சிடவில்லை. அச்சிட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இந்தப் பழைய கடைக்கும் அந்தப் புதிய பொதிக்கும் உள்ள வேற்றுமை ஒன்றே ஒன்று: பொதியில் மலையின் பெயர் இருக்கிறது, கடையில் இல்லை. அந்த ஒரு குறையைப் பழைய கடைக்காரர் நினைத்தால் நாளைக் காலையிலேயே நிவர்த்தி செய்துவிடலாம். பட்டிவீரன்பட்டியிலோ ஏற்காட்டிலோ தாம் வாங்குகிற மூட்டையைத் தனியே வைத்து வறுத்து, ஒரு பலகையில் பெயரெழுதி மாட்டிவிட்டால் போதும்.

பாலும் சிக்கரியும் தண்ணீரும்

பால்கோவாவின் ஊரில் பாலைக் குறைசொல்லி எழுதுவது துணிச்சலான காரியம். ஆயினும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கறவை மாட்டுச் செல்வம் மிகுதி. கொழுப்பு நிறைந்த பாலைச் சுண்டக் காய்ச்சி, அதில் டிகாக்ஷனைக் கலந்து, சர்க்கரையைத் தாராளமாக இட்டு ஆற்றிக் குடிக்கிற காப்பியில், பாலின் ருசி ராஜாவாக வீற்றிருக்க, காப்பி அதற்குச் சாமரம் வீசுகிறது. இதில் தவறில்லை, அதுவும் ஓர் ஆனந்தமே. ஆனால் மலையின் பெயர் கேட்டு விலை கொடுத்து வாங்கிய கொட்டையை முதல் முறையும் அப்படியே குடித்தால், கொடுத்த பணம் பாலோடு போயிற்று. முதல் டிகாக்ஷனில் இரண்டு கரண்டி எடுத்து வெந்நீர் விளாவி, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் ஒரு வாய் ருசித்துவிட்டு, பிறகு வழக்கம்போல் கலந்துகொள்ளலாம்.

சிக்கரியின் கதை வேறு. நெப்போலியன் காலத்து ஐரோப்பாவில் காப்பி அகப்படாத பஞ்சத்தில் பரவிய அந்தக் கிழங்குப்பொடி, நம்மிடம் கெட்டியும் கறுப்பும் சிக்கனமும் தருகிற துணைப்பொருளாக வந்து நிலைத்துவிட்டது. காப்பியும் சிக்கரியும் கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அதாவது நூற்றுக்கு நாற்பத்தொன்பது பங்குவரை சிக்கரி இருந்தாலும் சட்டத்துக்கு விரோதமில்லை. ஊரின் பெயர் தெரிய வேண்டுமானால் சிக்கரி அந்தப் பொதியில் இருக்கவே கூடாது. சிக்கரிக்குப் பழகிய நாக்கு உள்ளவர்கள் நூற்றுக்குப் பத்து என்ற அளவில் தாங்களாகவே கலந்துகொள்வது நல்லது.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். டம்ளரில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரே. ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீரில் எந்த மலைக் கொட்டையும் தன் குணத்தைக் காட்டாது. மலையிலிருந்து இறங்கும் முடங்கியாற்றுத் தண்ணீரை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேக்கிக் குடிக்கிற பாக்கியம் ராஜபாளையத்துக்கு உண்டு. அந்தத் தண்ணீர் குழாயில் வருகிற நாளில் பிடித்துவைத்துக் காப்பிக்கென்று ஒதுக்கினால், அது அதிக விலையுள்ள எந்த இயந்திரத்தையும்விடக் கூடுதலான பலனைத் தரும்.

விலையும் நியாயமும்

மலையின் பெயர் அச்சிட்ட பொதி, கடைத்தூளைப்போல் இரண்டு மூன்று மடங்கு விலை சொல்லுகிறது என்பது பலருடைய ஆட்சேபம். அதில் நியாயம் உண்டு. பெயர் அச்சிட்டதனாலேயே ஒரு கொட்டை உயர்ந்துவிடாது. மோசமாகப் பறித்து மோசமாக உலர்த்திய கொட்டை எந்த மலையின் பெயரைச் சூட்டிக்கொண்டாலும் மோசமே. பல பிரதேசத்துக் கொட்டைகளை விகிதமறிந்து கலப்பதும் ஒரு தேர்ந்த கலைதான். தமிழ்நாட்டுப் பழைய கடைக்காரர்கள் அந்தக் கலையில் சமர்த்தர்கள். உலகச் சந்தையிலும் காப்பி விலை அண்மையில் கட்டுக்கடங்காமல் ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா ராத்தல் ஒன்றுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஆனால் மலையில் இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிக்கு, விலை ஏறுவதும் இறங்குவதும் நியூயார்க்கில் யாரோ செய்கிற காரியமாகவே இருக்கிறவரையில், சிவந்த பழத்தை மாத்திரம் பறிக்க வேண்டும் என்ற சிரத்தை அவருக்கு ஏன் வர வேண்டும்? பச்சைக் காயும் பழமும் ஒரே விலைக்குப் போகுமானால், ஐந்து தடவை பறிக்கக் கூலி கொடுப்பது பைத்தியக்காரத்தனம் அல்லவா? இன்ன ஊர்க் கொட்டை என்று கேட்டு, அதற்காக நாலு காசு கூடக் கொடுக்கிற ஜனங்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான், அந்தச் சிரத்தைக்கு ஒரு பயன் உண்டாகும். நிழல் மரத்தை வெட்டாமல் வைத்துக்கொள்வதற்கும் அதுவே காரணமாகும். அந்த மரங்கள் நிற்கிறவரையில்தான் கீழ்மலையிலிருந்து இறங்கும் மருதாநதி போன்ற சிற்றாறுகளில் தண்ணீர் வரும் என்பதைப் பிளவக்கல் பாசனத்தை நம்பி வாழ்கிறவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அடுத்த முறை காப்பி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த மலைக் கொட்டை, என்றைக்கு வறுத்தது, சிக்கரி கலந்திருக்கிறதா. பொதியாக வாங்கினால், பொதி கட்டிய தேதியைக் கண்டு திருப்தியடைந்துவிடாமல் வறுத்த தேதியைத் தேடுங்கள். கால் கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் வாங்காதீர்கள். கொட்டையாகவே வாங்கி, வேண்டியபோது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பழனி மலை, மறுமாதம் சேர்வராயன், அடுத்தது குடகு என்று மாற்றிப் பாருங்கள். கடைக்காரருக்கு மலையின் பெயர் தெரியாவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வாரமும் போய் அதே கேள்வியைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் பதில் வைத்திருப்பார்.